கொண்டோ: சரியான தமிழ் 'கூட்டுரிமை வீடு'

கொண்டோ என்பது கொண்டோமினியத்தின் சுருக்கம். நீச்சல் குளமும் காவலர் சாவடியும் உள்ள, விலை கூடிய அடுக்குமாடியைத்தான் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இப்படிச் சொல்கிறோம். 'சொகுசு அடுக்குமாடி' என்று மொழிபெயர்ப்பதும் இந்தப் பொருளை வைத்துத்தான். ஆனால் சொல்லின் வேரில் சொகுசு இல்லை.

லத்தீனில் 'கொன்' என்றால் கூட, 'டொமினியம்' என்றால் உடைமை, ஆட்சி. ஒரே நிலப்பகுதியை இரண்டு அரசுகள் சேர்ந்து ஆள்வதைக் குறிக்கும் சட்டச் சொல்லாக இது வழங்கியது. 1899 முதல் பிரிட்டனும் எகிப்தும் சூடானை ஆண்ட ஏற்பாட்டுக்கு இதுதான் பெயர். அமெரிக்காவில் 1960-களில் யூட்டா மாநிலம் இதே பெயரில் ஒரு வீட்டுடைமைச் சட்டம் இயற்றியது. தீபகற்ப மலேசியாவில் இவ்வகை உடைமைக்கு அடிப்படை 1985-ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா (அடுக்குவாரி) உரிமைச் சட்டம்.

மலாய்ச் சொற்கள் இன்னும் சுவையானவை. பிளாட் வீடு 'ருமா பங்சா'. டுரியானைப் பிளந்தால் சுளைகள் தனித்தனி அறைகளில் இருக்குமே, அந்த அறைதான் பங்சா. அபார்ட்மென்ட் வந்ததும் அதோடு 'புரி' சேர்ந்து 'பங்சாபுரி' ஆனது. மலாயில் புரி என்றால் அரண்மனை. நம் தர்மபுரியில் உள்ள புரியும் இதுவும் ஒரே சமஸ்கிருத வேர்தான். அறைக்கு அரண்மனை ஒட்டு போட்டதும் விலை ஒரு படி ஏறியது. அதுவும் பழகிப்போன பிறகு அதற்கு மேல் படியில் கொண்டோ வந்து உட்கார்ந்தது.

பட்டாவில் இந்தப் படிகள் கிடையாது. சொந்தமாக வாங்கிய பிளாட்டோ கொண்டோவோ, இரண்டுக்கும் கிடைப்பது ஸ்ட்ராட்டா பட்டாதான். வீட்டின் உட்பகுதி உங்களுடையது. மின்தூக்கி, படிக்கட்டு, கூரை, வெளிச்சுவர் எல்லாருக்கும் பொது. வாடகைக்கு எடுத்த பி.பி.ஆர். (அரசின் மக்கள் வீடமைப்புத் திட்ட) வீடு வேறு: அங்கே குடியிருப்பவருக்கு உடைமையே இல்லை.

பொதுச் செலவில் உங்கள் பங்கைக் காட்டுவது பங்கு அலகு. ஒரு பேச்சுக்கு, அலகுக்கு 2 ரிங்கிட் என்றும் உங்கள் வீட்டுக்கு 120 அலகு என்றும் வைத்துக்கொள்வோம். பராமரிப்புக் கட்டணம் 240 ரிங்கிட். அதற்கு மேல், அதன் 10 விழுக்காடாகிய 24 ரிங்கிட் சேமநிதிக்கு. ஆக மாதம் 264 ரிங்கிட். சேமநிதி, சாயம் பூசவும் மின்தூக்கி மாற்றவும் பயன்படும். பலர் கட்டாமல் விட்டால் முதலில் படுப்பது மின்தூக்கிதான். பொதுக்கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு வரை பாக்கியைத் தீர்க்காதவருக்கு அங்கே வாக்குரிமையும் இல்லை.

தமிழில் என்ன சொல்வது? 'அடுக்குமாடி' கட்டடத்தின் வடிவத்தை மட்டும் சொல்கிறது. இலங்கையின் 'தொடர்மாடி'யும் அப்படியே. சிங்கப்பூர்த் தமிழ் ஏடுகள் எழுதும் 'கூட்டுரிமை வீடு' லத்தீன் பொருளுக்கு நேராக நிற்கிறது. நாமும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். பேச்சில் கொண்டோ இருந்துவிட்டுப் போகட்டும், செய்தியிலும் ஒப்பந்த விளக்கத்திலும் கூட்டுரிமை வீடு என்றே எழுதலாம்.

ஒரு சிக்கல் உண்டு. வேலி போட்டுக் காவல் வைத்த சில தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) தரைவீட்டுக்கும் ஸ்ட்ராட்டா பட்டாதான். உள்சாலையும் பூங்காவும் அங்கே பொது உடைமை, கட்டணமும் உண்டு. உரிமைப்படி அதுவும் கூட்டுரிமை வீடுதான், ஆனால் அதை யாரும் கொண்டோ என்று சொல்வதில்லை.