கொல்லைக்கு எட்டாத வைஃபை

கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில் அத்தை வீடு. திண்ணையில் ஆரம்பித்து ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று நீண்டு, வாழையும் தென்னையுமாகக் கொல்லையில் போய் முடியும். தேங்காய் திருட்டுப் போகிறது என்று அங்கே ஒரு வயர்லெஸ் கேமரா மாட்டப் போனேன். பெட்டியைப் பிரித்ததுமே அத்தை அடாப்டரைத் தூக்கிக் காட்டினார். "ஒயரே கிடையாதுன்னியேடா தம்பி, இது என்ன?"

நியாயமான கேள்வி. படம் போவதற்குத்தான் ஒயர் வேண்டாம், கரண்டுக்கு வேண்டும்.

கேமராவை வைஃபையில் சேர்ப்பது சுலபம். அதற்குக் கீபோர்டு இல்லை, கண் மட்டும்தான். அதனால் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் போன் ஒரு க்யூஆர் கட்டமாக மாற்றித் திரையில் காட்டும், கேமரா அதைப் பார்த்துப் படித்துக்கொள்ளும். கூடத்தில் வைத்துச் செய்தபோது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கொல்லையில் மாட்டியதும் படம் திக்கித் திணறியது.

இந்த வகைக் கேமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகின்றன. அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், ஒரு சாண் கூட இல்லை. செங்கல் சுவரைத் தாண்டும், ஆனால் ஒவ்வொரு சுவரிலும் கொஞ்சம் வலுவிழக்கும். சுவர் ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். மைக்ரோவேவ் அடுப்பு சோற்றைச் சூடாக்குவதும் ஏறக்குறைய இதே அலையால்தான்; தண்ணீர் அதை விழுங்கிவிடும். ஐப்பசி அடைமழையில் ஊறிய பழைய சுவரைக் குறுக்காகக் கடப்பதென்றால் கேட்க வேண்டாம், சாய்வாகப் போகும் அலைக்குச் சுவரின் தடிமனும் கூடிவிடுகிறது. போதாததற்கு ரூட்டர் இருந்தது இரும்பு பீரோவுக்குப் பின்னால்.

வழி வீட்டிலேயே இருந்தது. பழைய வீடுகளில் காற்று வர வாசல்களை ஒரே நேர்கோட்டில் வைத்திருப்பார்கள், தெருவில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். ரூட்டரை அந்தக் கோட்டுக்கு நகர்த்தினேன். அலை நிலைப்படி நிலைப்படியாகத் தாண்டி வர, படம் தெளிந்துவிட்டது.

அப்புறம் ராத்திரி வந்தது. போன் ஓயாமல் அலறியது, திறந்து பார்த்தால் வெள்ளை உருண்டைகள் பறக்கின்றன. பேய் இல்லை, ஈசல். இருட்டில் கேமரா தன் கண்ணைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகளைப் போட்டுக்கொண்டு பார்க்கிறது. தூரம் கூடக்கூட அந்த வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்தில் குறையும். 5 மீட்டரில் நிற்கும் ஆளைவிட 10 சென்டிமீட்டரில் பறக்கும் ஈசல்மேல் 2,500 மடங்கு வெளிச்சம் விழுகிறது! முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் அலாரம் என்பதுதான் கேமராவின் கணக்கு. அதற்குப் பல்லியும் ஒன்று, திருடனும் ஒன்று. டியூப் லைட்டை விட்டுத் தள்ளி மாட்டி, ஒட்டடையும் அடித்ததில் பாதித் தொல்லை தீர்ந்தது.

மீதியை வெப்ப உணரி பார்த்துக்கொண்டது. எங்கள் கேமராவில் அது தனியாக உண்டு. பால் நிறப் பிளாஸ்டிக் குமிழுக்குள் அரிசி அளவில் இரண்டு உணர்துண்டுகள். நம் உடம்பு சதா வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை அவை வாங்குகின்றன. இரண்டிலும் ஒரே அளவு விழுந்தால் ஒன்றையொன்று கழித்துவிடும். அதனால் சூடான சுவருக்கு அலாரம் இல்லை. ஆள் குறுக்கே நடந்தால் முதலில் ஒரு துண்டில், பிறகு அடுத்ததில் வெப்பம் ஏறும், அந்த ஏற்ற இறக்கம்தான் சேதி. நேராகக் கேமராவை நோக்கி வருபவரின் வெப்பம் இரண்டிலும் ஒரே சமயத்தில் விழுவதால் அவர் சில நேரம் தப்பிவிடுவார். கத்திரி வெயில் மதியத்திலும் கொஞ்சம் தடுமாறும், சுற்றுப்புறமே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடுகிறதே.

நான் மாட்டியிருந்தது வேலிப் படலுக்கு நேர் எதிரே. படலைத் திறப்பவர் நேராக வருவார், அதாவது தப்பான இடம். கழற்றிக் கிணற்றடிப் பக்கச் சுவரில் மாட்டினேன், இனி யார் வந்தாலும் குறுக்கேதான் போயாக வேண்டும்.

மறுநாள் விடியற்காலை போன் அடித்தது. கையில் முருங்கைக்கீரையோடு அத்தை, கேமராவை அண்ணாந்து பார்த்து, "தெரியுறேனாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.