அம்பயர்ஸ் கால்: ‘நடுவர் அழைப்பு’ இல்லை, ‘களத்தீர்ப்பு’

போன வாரம் அக்கா மகனோடு உட்கார்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது படிக்கிறான். ஸ்டம்பை நோக்கிப் போகிற பந்தை ஆட்டக்காரரின் கால் தடுத்ததா என்கிற எல்பிடபிள்யூ முடிவைத் திரையில் மறுபடி பார்க்கிற ரிவ்யூ ஒன்று வந்தது. ஆங்கிலத்தில் ‘அம்பயர்ஸ் கால்’ என்பதைத் தமிழ் வர்ணனையில் ‘நடுவர் அழைப்பு’ என்றார்கள், களத்து நடுவர் முதலில் சொன்னதே நிற்கும் என்ற அர்த்தத்தில். "அம்பயர் யாரை மாமா கூப்பிடுறார்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. தமிழ் தெரிந்த யாருக்கும் அந்தச் சொல் அப்படித்தான் கேட்கும். செய்திகளில், ஸ்கோர் செயலிகளில், வீடியோ தலைப்புகளில் என்று இதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலை அடக்கிக்கொண்டிருந்தேன், இனி முடியாது.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்பயர் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, இணை சேராதவர் என்று பொருள். இரண்டு தரப்பிலும் சேராத மூன்றாம் ஆள். முதலில் ‘நம்பயர்’ போல இருந்த சொல், முன்னால் வரும் ‘எ’ (a) என்ற ஆங்கிலச் சொல்லிடம் தன் முதல் மெய்யை விட்டுவிட்டு ‘அன் அம்பயர்’ ஆனது. நம் ‘நடுவர்’ இதே எண்ணத்தில் பிறந்ததுதான், அதனால் அந்தப் பாதியில் குறை இல்லை. சிக்கல் ‘கால்’ என்பதில். ஆங்கிலத்தில் அதற்குக் கூப்பிடுவது என்றும் பொருள் உண்டு, முடிவு சொல்வது என்றும் பொருள் உண்டு. இங்கே இரண்டாவதுதான். அகராதியில் முதலில் இருந்ததை எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

தமிழில் அழைப்பு என்றால் கல்யாண அழைப்பு, தொலைபேசி அழைப்பு. தீர்ப்பு என்ற பொருள் அதற்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நாம் மைதானத்தில் எப்படிப் பேசுகிறோம்? ‘அம்பயர் நோ பால் கொடுத்தார்’, ‘வைடு கொடுக்கவில்லை’, ‘அவுட் கொடுத்துட்டார்’. ஆங்கிலத்தில் அழைக்கிற அம்பயர் தமிழில் கொடுக்கிறார். தெருவில் ரப்பர் பந்து ஆடும் பையனுக்கும் இது தெரியும், மொழிபெயர்க்கிறவருக்குத் தெரியவில்லை.

சரி, ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதலாமே என்பார்கள். ரன், ஓவர், விக்கெட்டை அப்படித்தான் வைத்திருக்கிறோம், அதில் எனக்கு வருத்தம் இல்லை, தப்பான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல் என்பதுதான் என் கட்சி. ஆனால் ‘அம்பயர்ஸ் கால்’ என்று எழுதினால் படிப்பவருக்குக் கால்தான் தெரியும், அதுவும் பந்து காலில் பட்டதா என்று பார்க்கிற இடத்தில்.

இன்னொரு கூட்டம் ‘நடுவர் முடிவு’ என்கிறது. இது பரவாயில்லை, ஆனாலும் போதாது. திரையைப் பார்த்துவிட்டுச் சொல்கிற மூன்றாம் நடுவரும் நடுவர்தானே, அவர் சொல்வதும் முடிவுதானே? இந்த விதியின் உயிரே எந்த நடுவர், எந்த முடிவு என்பதில் இருக்கிறது. பந்து காலில் பட்ட பிறகு அது எங்கே போயிருக்கும் என்று கணினி காட்டுவது ஊகம், நடந்ததன் படம் இல்லை. அந்த ஊகத்தில் பந்தின் பாதிக்கும் குறைவான பகுதி ஸ்டம்பின் விளிம்பை உரசுவதாக வந்தால், களத்தில் நின்ற நடுவர் முதலில் சொன்னதை மாற்ற அது போதாது என்று வைத்திருக்கிறார்கள். அவுட் கொடுத்திருந்தால் அவுட், கொடுக்காவிட்டால் இல்லை.

இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஆயத்தமான வழக்கு இருக்கிறது, தினமும் பேப்பரில் வருகிறது: கீழ்கோர்ட் தீர்ப்பு உறுதி. பந்து வீசும் அணி முறையிட்டால்தான் நடுவர் அவுட் கொடுக்க முடியும் என்பது விதி. முறையீடு, அதற்கு ஒரு தீர்ப்பு, அதன்மேல் ரிவ்யூ என்ற மேல்முறையீடு, மாற்றும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றால் பழைய தீர்ப்பே உறுதி. ஆகவே ‘களத்தீர்ப்பு’. வர்ணனையில் ‘களத்தீர்ப்பு உறுதி’ என்று சொன்னால் ஏழாவது படிக்கிற பையனுக்கும் விளங்கும். பேச்சில் ‘அம்பயர் கொடுத்ததே நிற்கும்’ என்றாலும் எனக்குச் சம்மதம்.

சொல் தப்பானதால் விதியைப் பற்றிய சண்டையும் தடம் மாறுகிறது. 2023 உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானும் தென்னாப்பிரிக்காவும் மோதிய ஆட்டத்தில், தென்னாப்பிரிக்காவின் கடைசி ஆள் ஷம்சிக்கு பாகிஸ்தானின் ஹாரிஸ் ரவூஃப் கேட்ட எல்பிடபிள்யூவை நடுவர் கொடுக்கவில்லை. ரிவ்யூவில் பந்து லெக் ஸ்டம்பை உரசுவதாகக் காட்டியது, களத்தீர்ப்பு நின்றது, தென்னாப்பிரிக்கா ஒரு விக்கெட்டில் ஜெயித்தது. அவுட் கொடுத்திருந்தால் அதே பந்தில் பாகிஸ்தான் ஜெயித்திருக்கும். கோபம் வராமல் இருக்குமா? 2021-இல் கோலி ஸ்டம்பில் பட்டால் அவுட் என்றே இருக்கட்டும் என்றார். 2024 ராஜ்கோட் டெஸ்டுக்குப் பிறகு இங்கிலாந்து அணியின் ஸ்டோக்ஸ் இந்த விதியே வேண்டாம் என்றார். சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி எடுத்துவிடவில்லை, ஆனால் தளர்த்திக்கொண்டே வந்திருக்கிறது: 2016-இல் நாட் அவுட்டை அவுட்டாக மாற்றப் பந்தின் பாதி படவேண்டிய பகுதியைப் பக்கவாட்டில் அகலப்படுத்தினார்கள், 2017 முதல் களத்தீர்ப்பு என்று வந்தால் ரிவ்யூ பறிபோகாது, 2021-இல் அதன் உயரத்தையும் ஏற்றினார்கள். என்னைக் கேட்டால் அந்த விளிம்பை இன்னும் சுருக்கலாம், அடியோடு எடுக்கக்கூடாது, ஊகத்தை அளந்த உண்மையாக ஆக்கிவிடக்கூடாது. ஆனால் ‘நடுவர் அழைப்பு’ என்று கேட்டே பழகியவர்களுக்கு நடுவர் ஏதோ புதிதாகச் சலுகை கொடுத்ததுபோல் தோன்றுகிறது. "மூணாவது அம்பயர் ஏமாத்திட்டான்" என்று திட்டுகிறார்கள். அவர் எதையும் கொடுக்கவில்லை, மாற்ற வழி இல்லாமல் விட்டிருக்கிறார்.

இந்த ஒரு சொல்லோடு போனால்கூடப் பரவாயில்லை. ரிவ்யூ திரையில் வரும் ‘இம்பேக்ட்’ என்பதற்குத் ‘தாக்கம்’ என்கிறார்கள். புயலுக்குத்தான் தாக்கம். இது பந்து ‘பட்ட இடம்’. ‘பிட்சிங்’ என்பது ‘குத்திய இடம்’, பந்து குத்தி உள்ளே வந்தது என்று நாம் சொல்வதில்லையா? ‘டெட் பால்’ என்பதை ‘இறந்த பந்து’ என்று எழுதியிருந்ததைப் படித்தேன். ‘செல்லாத பந்து’ என்றால் யாருக்குப் புரியாது? வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணனை செய்த நாட்களில் படம் கிடையாது, சொல்தான் மைதானத்தைக் காட்டவேண்டும். இன்றைக்குத் திரையே எல்லாவற்றையும் காட்டிவிடுவதால் சொல் எப்படி இருந்தால் என்ன என்று விட்டுவிட்டார்கள்.

நாளைக்கே ஐசிசி மனம் மாறி, உரசினாலும் அவுட் என்று எழுதிவிட்டால் இந்தச் சொல்லுக்கே வேலை இருக்காது. அதுவரை வர்ணனையாளர்கள் ‘களத்தீர்ப்பு’ என்றே சொல்லட்டும்.