விருது வரும்போது படம் எங்கே இருக்கிறது?

2009 பிப்ரவரி 23, திங்கட்கிழமை காலை. கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு டீக்கடை. ஸ்லம்டாக் மில்லியனர் படத்துக்காக ஏ.ஆர். ரகுமான் ஒரே மேடையில் இரண்டு ஆஸ்கர் வாங்கி, "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னதை டி.வி.யில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டீ ஆறியது தெரியாமல் நின்றோம். சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏனுங்க, அந்தப் படம் நம்மூர்ல எங்கீங்க ஓடுது?"

நம்மூரில் எங்கேயும் ஓடவில்லை. பக்கத்தில் நின்ற என் மாமா மெதுவாகச் சொன்னார்: "படப் பொட்டி வராத ஊருக்குப் பரிசு வந்து என்ன மாப்ள பண்றது?"

மாமா இருபது வருடத்துக்கு மேல் தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவர். காட்சிவாரியாக எத்தனை டிக்கெட் போனது என்று தனக்கென்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார். விருதுக்கும் வசூலுக்கும் உள்ள உறவைப் பற்றி நான் பிற்பாடு படித்ததெல்லாம் அவர் அன்று சொன்ன அந்த ஒரு வரியைச் சுற்றியே இருந்தது. விருதுக்கான பரிந்துரைப் பட்டியலில் வந்த சில படங்கள் வசூலை அள்ளின, சில ஒன்றுமே பெறவில்லை. இதற்கு ரசிகர்களின் ரசனையைக் குறை சொல்வது சுலபம். ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், விருதுச் செய்தி வரும் நாளில் படம் எத்தனை திரையில் இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் விடையாக வருகிறது.

முதலில், ஒரு படத்தின் வசூலை விருது எப்படித் தொட முடியும் என்று பார்ப்போம். கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் காளை வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். பணம் அதற்கு அப்புறம்தான். சினிமாவில் அது முடியாது. பணத்தைக் கொடுத்து, இருட்டில் உட்கார்ந்து, முழுதாகப் பார்த்து முடித்த பின்தான் சரக்கு நல்லதா என்று தெரியும். பொருளாதார அறிஞர் பிலிப் நெல்சன் 1970இல் சரக்குகளை இப்படித்தான் இரண்டாகப் பிரித்தார்: வாங்குமுன் சோதிக்கக்கூடியவை, அனுபவித்தால் மட்டுமே தெரிபவை. இரண்டாவது வகையை வாங்கும்போது நமக்கு அடுத்தவர் வாய்ச்சொல்தான் துணை. நடிகர் பெயர், விமர்சனம், பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் பேச்சு எல்லாமே அந்த வாய்ச்சொல்தான். விருதும் அந்த வரிசையில் ஒன்று. சினிமா தெரிந்த பல பேர் பார்த்துவிட்டு "நல்லாயிருக்கு" என்று கையெழுத்துப் போட்டது போல.

அந்தச் சொல் வசூலாக மாறுவதற்கு ஒரு கணக்கு உண்டு. "வெள்ளிக்கெழம கூட்டம் போஸ்டருக்கு வந்த கூட்டம் மாப்ள. திங்கக்கெழம மேட்னிக்கு வாறதுதான் படத்துக்கு வந்த கூட்டம்" என்பார் மாமா. முதல் மூன்று நாள் விளம்பரத்தின் பலம். அதற்கப்புறம் பார்த்தவர்கள் அனுப்பி வைப்பவர்கள்தான் வர வேண்டும். ஆகவே ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் வசூல் எவ்வளவு இறங்குகிறது என்பதே படத்தின் நாடித்துடிப்பு.

ஒரு படம் முதல் வாரம் ஒரு கோடி வசூலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரா வாரம் பாதியாக இறங்கினால், ஒன்று, அரை, கால், அரைக்கால், மாகாணி என்று எத்தனை வாரம் கூட்டினாலும் மொத்தம் இரண்டு கோடியைத் தாண்டாது. அதே படம் வாரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே இறங்கினால் மொத்தம் ஐந்து கோடியை நெருங்கும். முதல் வாரம் இரண்டுக்கும் ஒன்றேதான். இறங்கும் விகிதத்தில் உள்ள சின்ன வித்தியாசம் கடைசியில் இரண்டரை மடங்காகிவிடுகிறது.

அந்த ஐந்து கோடிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. படம் வாரக்கணக்கில் திரையில் இருக்க வேண்டும். நான்கே வாரத்தில் தூக்கிவிட்டால் அந்த நல்ல படமும் மூன்று கோடிக்குச் சற்றுக் குறைவாகவே நின்றுபோகும். மீதி இரண்டு கோடிக்கு ஆள் இருந்தது, அவர்கள் வரும்போது காட்சி இல்லை.

விருது அறிவிப்பு செய்வது, இந்த இறங்கும் விகிதத்தைக் கொஞ்ச நாளுக்குத் தூக்கிப் பிடிப்பது. சில நேரம் இறங்குவதே நின்று, ஏறவும் செய்கிறது. ஸ்லம்டாக் மில்லியனர் அமெரிக்காவில் 2008 நவம்பரில் வெறும் 10 தியேட்டர்களில் வந்தது. 2009 ஜனவரி 22 அன்று ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரும்போது அங்கே அதன் வசூல் சுமார் 4.4 கோடி டாலர். ஓடி முடிக்கும்போது 14.1 கோடி டாலர். மூன்றில் இரண்டு பங்கு, பட்டியலுக்குப் பிறகு வந்த பணம். அந்த வாரங்களில் தியேட்டர்களின் எண்ணிக்கையும் 2,900ஐத் தாண்டியது. செய்தியும் பெட்டியும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன.

கொரியப் படமான பாரசைட் இன்னும் தெளிவான உதாரணம். 2019 அக்டோபரில் அமெரிக்காவில் 3 தியேட்டர்களில் தொடங்கியது. 2020 பிப்ரவரி 9 அன்று சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கும்போது சுமார் 3.5 கோடி டாலர் சேர்த்திருந்தது. வாங்கியதும் தியேட்டர்களை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, இரண்டாயிரம் அளவுக்குக் கொண்டுபோனார்கள். மொத்த வசூல் 5.3 கோடி டாலராயிற்று. அதற்கு முந்தைய மாதமே அந்தப் படம் வீட்டில் பார்க்கக் கிடைத்தது. வீட்டில் கிடைக்கும் படத்துக்கு, அதுவும் வசனத்தைக் கீழே எழுத்தில் படிக்க வேண்டிய படத்துக்கு, ஆட்கள் டிக்கெட் எடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சினிமாக் கணக்கு இதுதான்.

விருது வாங்காமல், பட்டியலில் வந்ததாலேயே பிழைத்த படமும் உண்டு. தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன் 1994இல் வந்து சுமார் 1.6 கோடி டாலரோடு அடங்கிவிட்டது. தயாரிப்புச் செலவே 2.5 கோடி. அடுத்த ஆண்டு 7 பரிந்துரைகள் வந்தன. மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்ததில் மொத்தம் 2.8 கோடியைத் தொட்டது. விழாவில் ஒரு விருதும் கிடைக்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் தி ஹர்ட் லாக்கர். 2010இல் நடந்த விழாவுக்கு அந்தப் படத்துக்கும் அவதாருக்கும் ஆளுக்கு 9 பரிந்துரைகள். அவதார் முதல் ஓட்டத்தில் அமெரிக்காவில் ஏறக்குறைய 75 கோடி டாலர் வசூலித்தது. ஹர்ட் லாக்கரின் மொத்தமே சுமார் 1.7 கோடி. வென்றது ஹர்ட் லாக்கர், சிறந்த படம் உட்பட 6 விருதுகள். ஆனால் அது வந்தது 2009 ஜூன் மாதம். பரிந்துரை வரும்முன்பே டிவிடியும் வந்துவிட்டது. உலகமே பெயரைக் கேட்ட நாளில் அதற்குத் திரை மிகக் குறைவு. ஹாலிவுட்டில் விருதுக்கு நிற்கும் படங்களை நவம்பர், டிசம்பரில் விடுவதன் காரணம் இதில் தெரிகிறது. பரிந்துரை நாளில் படம் சூடாக இருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. விருதுக்குப் பின் வசூல் ஏறினால், விருதால்தான் ஏறியது என்று எழுதிவிடக் கூடாது. டைட்டானிக்கைப் பாருங்கள். 1997 டிசம்பரில் வந்து முதல் வார இறுதியில் 2.86 கோடி டாலர். ஆனால் அதன் மிகப் பெரிய ஒரு நாள் வசூல் வந்தது ஒன்பதாவது வார இறுதியின் சனிக்கிழமை: சுமார் 1.3 கோடி டாலர். 14 பரிந்துரைகள் அறிவிக்கப்பட்டது 1998 பிப்ரவரி 10 அன்று. அதே வாரம் சனிக்கிழமை காதலர் தினம். திங்கள் அமெரிக்காவில் அரசு விடுமுறை. காதல் படம், காதலர் தினம், மூன்று நாள் விடுமுறை, பட்டியல் செய்தி எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. இதில் விருதின் பங்கு எவ்வளவு என்று தனியே பிரிக்க யாராலும் முடியாது. மழையும் பெய்து வாய்க்காலிலும் தண்ணீர் விட்ட வாரத்தில், மஞ்சள் எந்தத் தண்ணீரில் தழைத்தது என்று கேட்பதைப் போன்றது அது. பாரசைட் கணக்கிலும் தியேட்டர்கள் கூடியதன் பங்கு கலந்தே இருக்கிறது.

அப்படிப் பிரித்துப் பார்க்க ஆய்வாளர்கள் உலகத்தையே பல நகல் எடுக்க வேண்டும். மாத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் அதைக் கிட்டத்தட்டச் செய்தே காட்டினார்கள், படத்தில் அல்ல, பாட்டில். யாரும் கேட்டிராத 48 பாடல்கள். இணையத்தில் 14,341 பேர். ஒரு கூட்டத்துக்குப் பாட்டு மட்டும் தெரியும். மற்றவர்களை 8 தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் பெரிய பாட்டு இன்னும் பெரிதானது, சின்னது இன்னும் சின்னதானது. எது பெரிதாகும் என்பதும் உலகத்துக்கு உலகம் மாறியது. மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவது அபூர்வம், மிக மோசமானது உச்சிக்குப் போவதும் அபூர்வம். நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்ற நிலை. விருதுக்கு வேலை இருப்பது அந்த நடுவில்தான். ஏற்கெனவே ஊரே பார்த்துவிட்ட படத்துக்குப் பரிந்துரை புதிதாக எதையும் சொல்லிவிடப் போவதில்லை. நல்லதாக இருந்தும் எண்ணிக்கை ஏறாத படத்துக்கு அது முதல் தள்ளு.

சரி, நம் பக்கம் வருவோம். தமிழ் சினிமா வியாபாரத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி நான்கும் சேர்ந்ததுதான் 'கோவை ஏரியா'. இந்த ஏரியாவுக்கு விருது புதிதல்ல. கோவை பட்சிராஜா ஸ்டுடியோ எடுத்த மலைக்கள்ளன் 1954இல் வந்தது. கதை நாமக்கல் கவிஞருடையது. வசூலிலும் பெரிய வெற்றி, அந்த ஆண்டின் தமிழ்ப் படங்களில் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் அதற்கே. அதே ஆண்டு தகுதிச் சான்றிதழ் பெற்ற படங்களில் ஒன்று, பாட்டே இல்லாத அந்த நாள். அது வசூலில் தோற்றது. ஒரே ஆண்டில் கௌரவம் பெற்ற இரண்டு படங்களின் கதி இப்படி. நடுவர்கள் அளந்ததும் கூட்டம் அளந்ததும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் பெட்டிகள் குறைவு. கோவையில் ஓடிவிட்டு, ஈரோடு, கோபி, சத்தி என்று இறங்கி, டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேர மாதக்கணக்காகும். ஒரு நற்செய்தி வந்தால் படம் ஏதோ ஓர் ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு இருந்தது. இன்றைக்கு ஒரே வெள்ளிக்கிழமை எல்லா ஊரிலும் வந்து, பெரும்பாலான படங்கள் மூன்று நான்கு வாரத்தில் எல்லா ஊரிலும் முடிந்துவிடுகின்றன. தேசிய விருதோ ஆற அமர வருகிறது. கடைசி விவசாயி 2022 பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்தது. சிறந்த தமிழ்ப் படம் என்ற அறிவிப்பு 2023 ஆகஸ்டில், ஒன்றரை வருடம் கழித்து. பார்க்கிங் 2023 டிசம்பரில் வந்தது. அறிவிப்பு 2025 ஆகஸ்டில், இருபது மாதம் கழித்து. கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தன் அனுபவத்தை எழுதிய நூலிலிருந்து பிறந்த விசாரணை இதில் கொஞ்சம் வேறு: 2016 பிப்ரவரியில் படம், மார்ச் கடைசியில் மூன்று தேசிய விருதுகள். அந்த ஏழு வாரம்கூட நம் வெள்ளிக்கிழமைக் கணக்கில் நீண்ட காலம்தான்.

எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ஊரில் விருதுப் படம் ஓடாது என்று சொல்பவர்கள், விருது வந்த வாரத்தில் இங்கே அதை ஓட்டியே பார்த்ததில்லை. ஓட்டாத படம் ஓடாது என்பதற்கு ஆதாரம் ஏது? இன்று பெட்டி சுமக்க வேண்டியதில்லை, டிஜிட்டலில் வந்துவிடுகிறது. அறிவிப்பு வந்த வெள்ளிக்கிழமை ஈரோட்டில் ஒரு திரை, பொள்ளாச்சியில் ஒரு திரை, பொழுதோடு ஒரே ஒரு காட்சி கொடுத்துப் பார்க்கலாம்.

இதை மாமாவிடம் சொன்னேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "போஸ்டர் மேல 'தேசிய விருது'ன்னு சிலிப்பு ஒட்டிப் பாத்திருக்கறேன் மாப்ள. குடும்பமா வர்ற ஃபர்ஸ்ட் ஷோவுக்கு ரெண்டு வரிசை கூடும். செகண்ட் ஷோக்காரன் அழுகாச்சிப் படம்னு நெனச்சு அக்கட்ட போயிருவான்" என்றார்.

விருது என்ற சொல் படம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை, எந்த வகைப் படம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. பலாஸ் கொவாக்ஸும் அமண்டா ஷார்கியும் 2014இல் புத்தகங்களில் இதன் இன்னொரு முகத்தைக் கண்டார்கள். பரிசு பெற்ற பின் நூலுக்கு வாசகர் கூடுகிறார்கள், ஆனால் அவர்கள் தரும் மதிப்பெண் குறைகிறது. பரிசைக் கேள்விப்பட்டு வருபவர்களில், அந்த வகை எழுத்து பிடிக்காதவர்களும் கலந்துவிடுகிறார்கள். பத்துப் பேரைக் கூட்டி வரும் சிலிப்பு, அதில் நான்கு பேரை வருத்தத்தோடு வீட்டுக்கு அனுப்பவும் செய்யலாம், அவர்கள் ஊரில் பேசவும் செய்வார்கள்.

"அப்ப சிலிப்பே ஒட்ட வேண்டாங்களா மாமா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒட்டலாம். ஆனா மொத வாரத்துல ஒட்டோணும். அப்பத்தான் திங்கக்கெழம மேட்னிக்கு நெம்பப் பேரு பேசிக்கிட்டு வருவாங்க" என்றார். பிறகு அந்தப் பழைய நோட்டை எடுத்து, திங்கள் மேட்னி டிக்கெட் எண்ணிக்கையை மட்டும் பக்கம் பக்கமாக எனக்கு விரலால் தொட்டுக் காட்டினார்.