முகத்தைத் தாங்கும் மரம்

ஸ்க்ரோல் சா என்ற நுண்ரம்பத்தில் அறுக்கும் முகத்துக்கு வண்ணம் தேவையில்லை. புகைப்படத்தில் நிழல் விழுந்த பகுதிகளை மட்டும் பலகையிலிருந்து அறுத்து எடுத்துவிட்டு, பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்தால் போதும். முகம் எழுந்து வரும். ஆனால் கண்மணியில் மின்னும் வெள்ளைப் புள்ளி அந்தரத்தில் நிற்காது. இமையிலிருந்து இறங்கும் ஒரு மெல்லிய மரக்கீற்று அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த மரம், எத்தனை தடிமன் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்தக் கீற்றில்தான் இருக்கிறது.

விறகு பிளந்தவர்களுக்குத் தெரியும்: இழை ஓடும் திசையில் கோடரி எளிதாக இறங்கும், குறுக்கே இறங்காது. மரத்தின் நீண்ட செல்கள் தம் நீளவாக்கில் மிக உறுதியானவை. பக்கவாட்டில் அவற்றின் பிணைப்பு பலவீனமானது. முகத்திலோ கீற்றுகள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. புருவம் படுத்திருக்கிறது, மூக்கின் ஓரம் நிமிர்ந்து நிற்கிறது. பலகையை எப்படித் திருப்பினாலும் ஏதோ ஒரு கீற்று இழைக்குக் குறுக்கே மாட்டிக்கொள்ளும். தனி மரப்பலகையில் நான் அறுத்த ஒரு முகத்தில், உப்புத்தாள் தேய்க்கும்போது இமைக்கீற்று முறிந்தது. முறிவைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தேன். இழைகள் கீற்றின் அகலவாக்கில் கிடந்தன. ஒவ்வொன்றின் நீளமும் 2 மில்லிமீட்டர்கூட இல்லை.

பிளைவுட் இதைத் தீர்க்கிறது. அடுத்தடுத்த அடுக்குகளின் இழைகள் 90 பாகைக்கு மாறி மாறி ஒட்டப்படுவதால், புருவத்தை ஓர் அடுக்கு தாங்கும், மூக்கை இன்னொன்று தாங்கும். ஈரக்காற்றில் மரம் இழைக்குக் குறுக்கேதான் அதிகம் உப்பும். அதையும் பக்கத்து அடுக்கு இழுத்துப் பிடிக்கிறது. ஆனால் மலிவான பிளைவுட்டை இதற்கு வாங்கவே கூடாது. உள் அடுக்கில் வெற்றிடம் இருந்து, கீற்று அதன்மேல் விழுந்தால், மிஞ்சுவது மேல்தோல் மட்டுமே. எல்லா அடுக்கும் பிர்ச் மரத்தாலான பால்டிக் பிர்ச் பிளைவுட்டைப் பலரும் நாடுவது இதனால்தான். அதன் வெளிர்நிறம் கறுப்புக்கு எதிரே நன்றாக எடுபடும், ரேகையும் அடக்கமானது. ஓக் மரத்தின் நுண்துளைக் கோடுகள் கன்னத்தில் கீறல்போல் தெரியும்.

தடிமனுக்கு வருவோம். ஒரு கீற்று முன்பின்னாக வளைவதை எதிர்க்கும் விறைப்பு, தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 3 மில்லிமீட்டரை 6 ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழ 8 மடங்கு. அப்படியென்றால் 12 மில்லிமீட்டர் இன்னும் நல்லதல்லவா? இல்லை, அங்கே முகம் கெட்டுவிடும். கண்ணோரச் சுருக்கமாக 1 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பிளவு அறுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 3 மில்லிமீட்டர் பலகையில் பார்வை சுமார் 18 பாகை பக்கவாட்டில் சாயும்வரை பின்னாலுள்ள கறுப்பு தெரியும். 6 மில்லிமீட்டரில் 10 பாகைக்குள்ளேயே பிளவின் உட்சுவர் அதை மறைத்துவிடும். 12 மில்லிமீட்டரில் 5 பாகைக்கும் குறைவு. பார்ப்பவர் ஓரடி நகர்ந்தால் சுருக்கம் காணாமல் போகும். தடித்த பலகையின் வளைவுகளில் பிளேடும் வளைந்து, பின்பக்கக் கோடு முன்பக்கத்தோடு ஒத்துப்போகாது.

மெல்லிய பலகைக்கும் ஒரு தொல்லை உண்டு. எதிர்ப்பே இல்லாமல் பிளேடு ஓடி, கை திரும்புவதற்குள் கோட்டைத் தாண்டிவிடும். இரண்டு 3 மில்லிமீட்டர் பலகைகளை ஓரங்களில் டேப் ஒட்டிச் சேர்த்து அறுத்தால் ரம்பத்துக்கு 6 மில்லிமீட்டரின் நிதானம் வரும். ஒரே நேரத்தில் இரண்டு முகங்களும் கிடைக்கும். சிறிய, நடுத்தர முகங்களுக்கு நான் இதைத்தான் செய்கிறேன். நீண்ட கூந்தல் இழைகள் உள்ள பெரிய படத்துக்கு மட்டும் 6 மில்லிமீட்டர்.

எதில் அறுத்தாலும், பிளேடை நுழைக்கும் முதல் துளையைக் கண்ணில் போடுங்கள். சுற்றிலும் முழுப் பலகை இருக்கும்போதே அந்த இமைக்கீற்று பிறந்துவிட வேண்டும். கூந்தல் கடைசியில் வரட்டும்.