அட்டாலியில் இருந்து இறங்கும் கலர் கிளாஸ்கள்

மார்கழி கடைசியில், பழைய கண்ணாடிச் சாமானுக்கு வயது பார்த்துச் சொல்லும் என் கடைக்குக் கூட்டம் கூடிவிடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க அட்டாலியை (பரணை) காலி செய்கிறவர்கள், அங்கே கிடைத்த கலர் கண்ணாடி கிளாஸ்களைப் பழைய வேட்டியில் சுற்றிப் பொள்ளாச்சிக்கு எடுத்து வருவார்கள். வால்பாறை எஸ்டேட் துரை கொடுத்தது, ஊட்டி ஏலத்தில் எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். கதையைக் கேட்டுக்கொள்வேன். ஆனால் வயதை அதை வைத்துச் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் தாராபுரம் பக்கத்தில் இருந்து ஓர் அம்மா நான்கு சிவப்பு கிளாஸ்கள் கொண்டுவந்தார். “எங்க அப்பாரு வெச்சிருந்ததுங்க. முந்நூறு வருஷம் இருக்குமுங்களா?” என்றார். ஊருக்குள் வந்த பழைய சாமான் வியாபாரி ஒருவர் நான்குக்கும் சேர்த்து ஓர் எவர்சில்வர் குடம் தருவதாகச் சொன்னாராம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் லட்சக்கணக்கில் போகும் என்றாராம். இரண்டு பேருமே நிறத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சிவப்பு என்றால் ஒரே சிவப்பு இல்லை. தங்கத்தைக் கரைத்துச் சேர்த்துச் செய்த சிவப்பு, 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் குங்கெல் என்பவர் கைக்கு வந்தது. செலினியம் சேர்த்த சிவப்பு 1890களுக்குப் பிறகுதான். அந்த அம்மாவின் கிளாஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கொடி இலை வெட்டியிருந்த இடமெல்லாம் நிறமில்லாத கண்ணாடி. விளிம்பிலும் உள்ளே நிறமே இல்லை. சிவப்பு மேல்தோல் மாதிரி மெல்லிசாக ஏறியிருந்தது. செம்பு உப்பைப் பூசிச் சூளையில் சுட்டு ஏற்றும் இந்த வித்தையை பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) எகர்மான் என்பவர் கொண்டுவந்தது 1832 வாக்கில். அப்புறம் பல பட்டறைகள் வெகுகாலம் இதைச் செய்தன. ஆக, முந்நூறு வருஷம் இருக்க வழியே இல்லை. ஒரு வித்தை பிறந்த வருஷம் “இதற்கு முந்தையது அல்ல” என்பதை மட்டும்தான் சொல்லும். எவ்வளவு பிந்தையது என்பதற்குக் கிளாஸைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

அடியின் நடுவில் கரடுமுரடாகத் தழும்பு இருந்தால், ஊதிச் செய்த கிளாஸை இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடித்து வாயைச் சீராக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பக்கவாட்டில் மேலிருந்து கீழே மெல்லிய கோடு ஓடினால் அச்சில் செய்தது. அச்சில் அழுத்திச் செய்யும் முறை 1820களில் அமெரிக்காவில் பரவியது. ஆனால் தழும்பு இருப்பதாலேயே பழசு என்று நம்பிவிடாதீர்கள். இன்றும் கையால் ஊதிச் செய்கிறார்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஏமாந்தேன். வெளியூர் வியாபாரி ஒருவரிடம் கருநீல ஒயின் கிளாஸ் ஒன்றைப் பெரிய விலைக்கு வாங்கினேன். இங்கிலாந்துக் கருநீலக் கண்ணாடியான பிரிஸ்டல் நீலம், 18ஆம் நூற்றாண்டு என்றார். அடியில் தழும்பும் இருந்தது, நிறைய கீறலும் இருந்தது. வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. கீறல்கள் எல்லாம் ஒரே திசையில், சீப்பால் இழுத்த மாதிரி. அந்த அடித்தட்டு நடுவில் குழிவானது. மேசை தொடுவது ஓர வளையம் மட்டும்தான். மேசையே தொடாத குழிக்குள்ளும் கீறல். உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். நிஜமான தேய்மானம் ஓரத்தில் மட்டும், மயிரிழைக் கீறல்களாக, நாலா பக்கமும் குறுக்கும் மறுக்குமாக இருக்கும். சமமான கண்ணாடி மேல் கிளாஸை வைத்து எங்கே தொடுகிறது என்று பார்த்துவிட்டு, அங்கேதான் தேய்ந்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். வாங்குவதற்கு முன் இந்த ஒரு சோதனையையாவது கட்டாயம் செய்யுங்கள்.

கள்ள நோட்டு பார்க்கிற லைட்டில் பச்சையாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் யுரேனியம் கலந்த கண்ணாடி. பொஹீமியாவில் 1830களில் ரீடல் குடும்பத்தார் செய்து பேர் வாங்கியது. அதையும் இன்றுவரை செய்கிறார்கள், அதனால் ஒளிர்வதும் வயதுக்குச் சாட்சி இல்லை. செக்கோஸ்லோவாகியா என்று முத்திரை இருந்தால் வேலை சுலபம். அந்த நாடே 1918இல்தான் பிறந்தது. நகத்தால் சுண்டினால் கணீரென்று நீளமாக ஒலிப்பது ஈயம் கலந்த கண்ணாடியாக இருக்கலாம். அதில் பானம் ஊற்றி நாள்கணக்கில் வைக்க வேண்டாம், ஈயம் இறங்கும்.

தாராபுரத்து அம்மாவின் கிளாஸ்களில் மூன்றுக்கு ஓரத் தேய்மானம் சரியாக இருந்தது. வாய் வைக்கும் இடத்தில் மட்டும் தங்கக் கோடு மங்கியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று எழுதிக் கொடுத்தேன். நான்காவதை, பளிச்சென்று இருக்கட்டும் என்று முந்தின நாள்தான் பாத்திரம் விளக்கும் பொடி போட்டுத் தேய்த்திருக்கிறார். தங்கக் கோடு முழுதும் போய்விட்டது, அடியில் புதுக் கீறல் பழைய கீறலை மூடிவிட்டது. மற்ற மூன்றின் ஜோடி என்பதால்தான் அதன் வயதைச் சொல்ல முடிந்தது. விலையோ பாதிக்கும் கீழே.

கொண்டுவருகிறவர்கள் தயவுசெய்து தேய்க்காமல் கொண்டு வாருங்கள். அடியில் இருக்கும் அழுக்குகூட அப்படியே இருக்கட்டும். பார்த்து முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நானே கழுவித் தருகிறேன்.