கல்ச்சரில் வளர்ந்த கிருமிதான் குற்றவாளியா?

மூன்று வயதுக் குழந்தை, ஒன்றரை மாத இருமல், ஏற்கெனவே இரண்டு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் முடிந்தாயிற்று. அம்மாவின் கையில் கசங்கிப்போன லேப் ரிப்போர்ட்: தொண்டைச் சளியைக் கல்ச்சர் செய்ததில் (கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. "எந்தக் கிருமின்னு தெரிஞ்சுபோச்சே டாக்டர், அதுக்கு மருந்து குடுத்தா சரியாயிடும்ல?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு எடை அட்டையைக் கேட்டேன். நான்கு மாதமாகக் கோடு மேலே ஏறவே இல்லை. என் சந்தேகம் காசநோய் (டிபி) மேல் போயிற்று.

நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா, சில சமயம் ஸ்டெஃபிலோகாக்கஸ், இவையெல்லாம் குழந்தைகளின் மூக்கும் தொண்டையும் சேரும் இடத்தில் சும்மா குடியிருப்பவை. ஓடி விளையாடும் குழந்தையிடமும் இருக்கும், காசநோய் வந்த குழந்தையிடமும் இருக்கும். அங்கே பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தால் ஏதோ ஒன்று வளரத்தான் செய்யும், அதை வைத்து நுரையீரலில் நடப்பதைச் சொல்லிவிட முடியாது.

காசநோய்க் கிருமியோ இந்தச் சாதாரண கல்ச்சரில் வளரவே வளராது. அதற்குத் தனி ஊடகம் (கிருமி வளரும் சத்துக் கலவை) வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குக் கிருமியின் எண்ணிக்கையே குறைவு, சளியைத் துப்பவும் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதனால்தான் விடிகாலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பை நீரை எடுக்கிறோம் (பார்க்கவே பாவமாக இருக்கும்), இப்போது மலத்திலும் மரபணுப் பரிசோதனை செய்ய முடிகிறது. இத்தனை செய்தும் நெகட்டிவ் என்று வந்தால்கூட டிபி இல்லை என்று ஆகிவிடாது.

சிக்கல் என்னவென்றால், டிபியும் இந்தச் சாதாரணக் கிருமிகளின் தொற்றும் சேர்ந்தே வரலாம். டிபியால் மார்புக்குள் வீங்கிய நெறிகட்டி மூச்சுக்குழாயை நெருக்கும், அதற்கு அப்பால் சளி தேங்கும், மேலே குடியிருந்த கிருமி அங்கே இறங்கினால் நிமோனியா. தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வில், நிமோகாக்கஸ் தடுப்பூசி போட்ட குழந்தைகளில், டிபி உறுதியாகி நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் குறைவாகவே இருந்தார்கள். அந்த ஊசி டிபியைத் தடுக்காது, அப்படியென்றால் அவர்களைப் படுக்க வைத்ததில் நிமோகாக்கஸுக்கும் பங்கு இருந்திருக்கிறது. ஆகவே அமாக்ஸிசிலின் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கலாம், நான்கு நாள் குழந்தை நன்றாகச் சாப்பிடலாம், எல்லோரும் நிம்மதியாகிவிடுவோம், அடியில் டிபி அப்படியே கிடக்கும்.

சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: இப்படிப்பட்ட இருமலுக்கு அவசரப்பட்டு லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுத வேண்டாம். அது டிபி கிருமியையும் அரைகுறையாக அடித்து, நோயை மறைத்துவிடும். அப்புறம், டிபி மருந்துகளில் ரிஃபாம்பிசின் மூக்கில் குடியிருக்கும் கிருமிகளையும் கொல்லும், ஐசோனியசிட் அவற்றைத் தொடாது. அதனால் சிகிச்சை தொடங்கியபின் எடுத்த கல்ச்சரை முந்தையதோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

அந்த அம்மாவிடம், வீட்டில் வேறு யாராவது இருமுகிறார்களா என்று கேட்டேன். "தாத்தாவுக்கு எப்பவும் இருக்கிற இருமல்தான் டாக்டர்" என்றார். எக்ஸ்ரேயில் குழந்தைக்கு நெறிகட்டி பெரிதாகத் தெரிந்தது, மருந்தைத் தொடங்கினோம். டிபி கிருமி கிடைத்தது தாத்தாவின் சளியில். குழந்தையிடம் எடுத்த மாதிரிகளில் கடைசிவரை கிடைக்கவில்லை.