கியர் எகிறுதா? முதலில் கியர்பாக்ஸுக்கு வெளியே பாருங்கள்

போன ஆடி மாதம் ஒரு தம்பி தன் எண்டியூரோ வண்டியை, அதாவது காடு மேடு மண்ணில் ஓட்டுகிற பைக்கை, குட்டியானையில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். "அண்ணா, ரெண்டாவது கியர் மட்டும் நிக்க மாட்டேங்குதுங்ணா, ஏத்தத்துல முறுக்குனா டப்புனு எகிறி நியூட்ரலுக்குப் போயிருது" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு மாதமாம். அதுவரை எப்படி ஓட்டினீர்கள் என்றால், எகிறாமல் இருக்க லிவரைக் காலால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டினாராம். உள்ளே என்ன கோலத்தில் இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. என்ன வண்டி என்று சொல்லப் போவதில்லை, தப்பு வண்டி மேல் இல்லை.

இன்ஜினை இறக்கி, கிராங்க் கேஸ் என்கிற இன்ஜின் கூட்டை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால், கியரின் பக்கவாட்டில் இருக்கும் டாக் என்கிற கட்டைப் பற்களின் ஓரம் தேய்ந்துபோன சோப்புக் கட்டி மாதிரி மழுங்கியிருந்தது. அதை நகர்த்துகிற ஃபோர்க்கின் ஒரு விரல் சூட்டில் நீலம் பாரித்து லேசாக வளைந்தும் இருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். பைக் கியர்பாக்ஸில் பல்சக்கரங்கள் எல்லாம் எப்போதும் ஒன்றையொன்று கடித்தபடியேதான் சுற்றுகின்றன. நாம் லிவரைத் தட்டும்போது உள்ளே டிரம் சுற்றி, டிரம்மில் வெட்டியிருக்கும் பாதை ஃபோர்க்கைத் தள்ளி, ஃபோர்க் ஒரு கியரைப் பக்கவாட்டில் நகர்த்தி, அதன் டாக் பக்கத்து கியரின் டாக்கோடு போய் மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்த டாக்கின் முகங்களைச் செங்குத்தாக விடாமல் சில டிகிரி உள்சாய்வாக வெட்டியிருப்பார்கள். அதனால் ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க இரண்டும் ஒன்றையொன்று இறுக்கி இழுத்துக்கொள்ளும். ஓரம் மழுங்கிவிட்டால் கதை தலைகீழ்: எவ்வளவு முறுக்குகிறீர்களோ அவ்வளவு வேகமாக ஒன்றையொன்று வெளியே தள்ளும். தள்ளுகிற அந்த விசை முழுவதும் ஃபோர்க்கின் மேல் விழும். நம்ம தம்பி காலால் லிவரைத் தூக்கிப் பிடித்தபோது, கையளவு கூட இல்லாத அந்த ஃபோர்க்கை வைத்து மொத்த இன்ஜினோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

சரி, முதலில் ஓரம் ஏன் மழுங்கியது? அரைகுறையாகக் கியர் விழுந்ததால். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நடுவில் நியூட்ரல் இருப்பதால் லிவர் அதிக தூரம் போக வேண்டும். எண்டியூரோவில் ஒரு நாளில் அதிகமாகப் போடுகிற மாற்றமும் அதுதான். இவர் புதிதாக மோட்டோகிராஸ் பூட் வாங்கியிருந்தார், ஆனால் லிவர் இன்னும் சாதா ஷூவுக்கு வைத்த உயரத்திலேயே இருந்தது. அந்தத் தடித்த பூட்டின் மூக்கு லிவருக்குக் கீழே ஒழுங்காக நுழையவே இல்லை. பத்து முறை தட்டினால் சில முறை பாதியில் நின்று, டாக்கின் நுனியும் நுனியும் மட்டும் உரசிக்கொண்டு ஓடியிருக்கிறது. லிவரின் போல்ட்டைக் கழற்றி ஒரு பல் மேலே ஏற்றி மாட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை. அதற்குப் பதிலாக இன்ஜின் இறங்கியது.

மண்ணில் ஓடுகிற வண்டிகளில் நான் பிரித்த கியர்பாக்ஸ்களை நினைத்துப் பார்த்தால், கியரே சொத்தையாக வந்து உடைந்தது என்று சொல்ல மிகக் குறைவாகத்தான் இருக்கிறது. காரணம் பெரும்பாலும் கேஸுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும், காலில், செயினில், கிளட்ச்சில், ஆயிலில். 2011-ல் ஹீரோ இம்பல்ஸ், 2016-ல் ஹிமாலயன், 2019-ல் எக்ஸ்பல்ஸ் 200 என்று ஒவ்வொன்றாக வந்து, இப்போது கேடிஎம் 350 இஎக்ஸ்சி-எஃப் மாதிரி அசல் எண்டியூரோக்களும் நம்மூர் மண்ணில் உருளுகின்றன. ஆனால் ஓட்டுகிற பலர் இன்னும் ரோட்டு வண்டிக் கணக்கிலேயே சர்வீஸ் செய்கிறார்கள்.

அந்தக் கணக்கில் முதல் தப்பு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மதியம் வரை பாறையிலும் சேற்றிலும் உருட்டினால் மீட்டரில் நாற்பது கிலோமீட்டர் கூட ஏறியிருக்காது, ஆனால் இன்ஜின் ஐந்து மணி நேரம் ஓடியிருக்கும், அதிலும் பாதி நேரம் ஒன்றாம் கியரில் ஹாஃப் கிளட்ச்சில். பெரும்பாலான ஃபோர் ஸ்ட்ரோக் எண்டியூரோக்களில் பிஸ்டனுக்கும் கிளட்ச்சுக்கும் கியருக்கும் ஒரே ஆயில்தான், அதுவும் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய. கிளட்ச் பிளேட்டின் தூசி அதில்தான் கரைகிறது. கியர்ப் பற்களுக்கு நடுவில் நசுங்கி நசுங்கி, ஆயிலுக்குக் கனம் கொடுக்கிற பாலிமர்கள் அறுபட்டு அது தண்ணியாகிறது. அதனால் பத்து ரூபாய் சாமான் மாதிரி தெரிந்தாலும் இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டுகிற ஒரு ஹவர் மீட்டர் மாட்டுங்கள். ஆயில் மாற்ற கம்பெனி புத்தகம் எத்தனை மணி நேரம் என்று சொல்கிறதோ அதை மீறாதீர்கள். மணி நேரக் கணக்கே இல்லாத வண்டி என்றால், பட்டறையில் நான் சொல்வது பதினைந்து மணி நேரம், சேற்றில் ஓட்டினால் பத்து.

கார் ஆயில் மிச்சம் இருக்கிறது என்று ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காருக்கான பல ஆயில்களில் உராய்வைக் குறைக்கிற மருந்து கலந்திருக்கும். நம் கிளட்ச் ஆயிலுக்குள் மூழ்கி வேலை செய்வது, அதற்கு உராய்வுதான் சோறு. டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரக்குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். எம்பி என்பது ஸ்கூட்டர்களுக்கு.

டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோலில் கலக்கிற ஆயிலுக்கும் கியர்பாக்ஸுக்கும் சம்பந்தமே இல்லை, கியருக்குத் தனி ஆயில், அதையும் மாற்ற வேண்டும். வெளியே எங்கும் ஒழுகாமலேயே கியர் ஆயில் குறைந்துகொண்டு போய், சைலன்சரில் வெள்ளைப் புகையும் வந்தால், கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போய் இன்ஜின் அந்த ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். அதோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் கியர்பாக்ஸ் காய்ந்துபோய் நிற்கும்.

ஆயிலை வடிக்கும்போது டிரெயின் போல்ட்டின் காந்தத்தை ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள், வேறு டெஸ்ட் எதுவும் இதற்கு ஈடில்லை. சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தால் இயல்பு. விரலில் குத்துகிற சிலும்பு வந்தால் யோசிக்க வேண்டும். முனை உடைந்த துண்டாக ஒன்று வந்தால் வண்டியை அப்படியே நிறுத்திவிடுங்கள், அது டாக்கின் மூலையாகவோ பல்லின் நுனியாகவோ இருக்கும், இன்னொரு பல்லுக்கு நடுவில் போய் மாட்டினால் கேஸே பிளக்கும். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையில் இறக்கினீர்கள் என்றால் இன்ஜின் மூச்சு விடுகிற பைப்பான பிரீதர் ஹோஸ் எங்கே முடிகிறது என்று பாருங்கள், மேலே டேங்குக்கு அடியில் வரை இழுத்துக் கட்டுங்கள். தண்ணீர்ப் பக்கமே போகாத ரேடியேட்டர் வண்டியில் அந்த நிறம் வந்தால் சந்தேகம் வாட்டர் பம்ப் சீல் மேல்தான்.

அப்புறம் செயின். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. அசல் எண்டியூரோக்களின் பின் சஸ்பென்ஷன் 300 மில்லிமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் போகிறது. முன் ஸ்ப்ராக்கெட்டின் நடு, ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் இடத்தில்தான் செயின் அதிகமாக இறுகும். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, சக்கரம் தொங்கும்போது 'டைட்டா இருந்தா நல்லது' என்று இறுக்கினால், குதித்து இறங்குகிற ஒவ்வொரு முறையும் கியர்பாக்ஸிலிருந்து வெளியே வந்து முன் ஸ்ப்ராக்கெட்டைத் தாங்குகிற ஷாஃப்டைச் செயின் வில் நாண் மாதிரி இழுக்கும். முதலில் ஆயில் சீல் ஒழுகும், அடுத்து பேரிங் ஊளையிடும், அதற்கு மேல் போனால் பேரிங் உட்கார்ந்திருக்கும் அலுமினியமே விரியும். ராட்செட் பெல்ட் போட்டு சஸ்பென்ஷனை அமுக்கி மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, அந்த நிலையிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். திரும்ப விட்டதும் செயின் தொங்குவது பார்க்கவே அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும்.

முன் ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றி உள்ளே கெட்டியாகியிருக்கும் மண்ணைச் சுரண்டி எடுங்கள், ஆனால் வாட்டர் சர்வீஸ் கன்னை நேராக அந்த ஷாஃப்டின் ஆயில் சீலில் பிடிக்காதீர்கள்.

'நியூட்ரல் விழல, ஒண்ணாவது போட்டா குதிக்குது, கியர்பாக்ஸ் போச்சு' என்று வருகிறவர்களிடம் நான் கிளட்ச்சைத்தான் முதலில் பார்ப்பேன். பிளேட்டின் காதுகள், பிளேட்டுகள் உட்கார்ந்திருக்கும் கூடையான கிளட்ச் பேஸ்கெட்டின் விரல்களில் தட்டித் தட்டிப் பள்ளம் போட்டிருக்கும், பிளேட் அதில் மாட்டிக்கொண்டு முழுதாக விலகாது. ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் காற்று புகுந்திருக்கலாம். ஊற்றுவதற்கு முன் மூடியைப் படியுங்கள், சிலதில் பிரேக் ஆயில், சிலதில் மினரல் ஆயில், மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போகும்.

கியர் எகிறுவதிலும் ஒரு நல்ல செய்தி உண்டு. டிரம்மின் நுனியில் இருக்கும் நட்சத்திரத் தகடு, அதன் மேல் உருளுகிற சின்ன உருளை, அதை அழுத்தும் ஸ்பிரிங், லிவர் ஷாஃப்டின் ரிட்டர்ன் ஸ்பிரிங் எல்லாம் பல வண்டிகளில் கிளட்ச் கவருக்குப் பின்னால்தான் இருக்கின்றன. ஸ்பிரிங் உடைந்தாலோ நட்சத்திரத்தின் போல்ட் லூசானாலோ இதே அறிகுறிதான் வரும். கவரை மட்டும் திறந்து சரி செய்துவிடலாம். அதைப் பார்க்காமல் நேராக 'இன்ஜின் இறக்கணும்' என்று சொல்கிற மெக்கானிக்கிடம், கவர் திறந்து பார்த்தீர்களா என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்.

நிஜமாகவே இறக்க வேண்டி வந்தால் கஞ்சத்தனம் வேண்டாம். மழுங்கிய கியரை மட்டும் மாற்றி, அதோடு மோதிய ஜோடிக் கியரையும் வளைந்த ஃபோர்க்கையும் பழையதே போட்டால் சில மாதத்தில் அதே இடத்துக்கு வருவீர்கள். கியரை ஷாஃப்டில் பிடித்து வைக்கிற வளையமான சர்க்கிளிப்பைக் கழற்றினால், அதையே திரும்பப் போடவே கூடாது. வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். நானும் ஒரு முறை கோக்காமல் விட்டு, மூடிய கேஸை ராத்திரி பதினோரு மணிக்குத் திரும்பத் திறந்திருக்கிறேன்.

அந்தத் தம்பிக்கு வண்டியைக் கொடுக்கும்போது, பூட்டைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி, அவர் ஃபுட் ரெஸ்ட்டில் நின்றபடி இருக்க லிவரை உயரம் பார்த்து மாட்டினேன். இறக்கத்தில் கால் லிவர் மேலேயே உட்கார்ந்திருக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது, அதையும் சொன்னேன். போன வாரம் ஆயில் மாற்ற வந்தபோது டிரெயின் போல்ட்டை என் கையில் தராமல் அவரே துடைத்துப் பார்த்துவிட்டு, "பசை மட்டுந்தாங்ணா" என்றார்.